நகரத்தின் டிஜிட்டல் வளர்ச்சியை அளப்பது எப்படி? வடசென்னையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவின் பலகையில், தராசுக்குப் பக்கத்தில், கியூஆர் அட்டை ஒட்டிய சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. பணம் செலுத்தியதும் தொகையை அது தமிழில் உரக்கச் சொல்லும். அவர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காதாலேயே கணக்கை முடித்துக்கொண்டு, அடுத்தவருக்குச் சங்கராவைச் செதில் சீவத் தொடங்கிவிடுவார். சென்ற ஆண்டு அவருடைய மகளுக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டபோது, இணையத்தில் விண்ணப்பிக்க உதவுவதற்காக அவர்கள் வீட்டில் உட்கார்ந்தேன். படிவம் முழுவதையும் நிரப்பி முடித்த பிறகு, ஓடிபி கேட்கும் இடத்தில் வேலை நின்றுபோனது. அந்தக் குடும்பத்தின் ஆவணங்கள் எல்லாவற்றிலும் பதிவாகியிருப்பது ஒரே கைபேசி எண். "அந்த போன் அவர்கிட்ட கீது தம்பி, அவரு கடலுக்குப் போயி நாலு நாளாவுது" என்றார் அக்கா. விசைப்படகு கரை திரும்பும்வரை விண்ணப்பமும் காத்திருந்தது.

ஒரே வீட்டில், ஒரே பெண்ணிடம், இரண்டு விடைகள் இருக்கின்றன. பணப் பரிமாற்றத்தை வைத்து அளந்தால் இந்த நகரம் மிக முன்னேறியது; அரசுச் சேவையைத் தானாகப் பெறும் வசதியை வைத்து அளந்தால் அது இன்னும் பாதி வழியில் நிற்கிறது. "எந்த நகரம் டிஜிட்டல் வளர்ச்சியில் முன்னணியில் இருக்கிறது" என்ற தரவரிசைச் செய்திகளைப் படிக்கும்போது, அந்த வரிசைக்குப் பின்னால் யாரோ ஒருவர் எதை அளப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை, இத்துறைக்குப் புதியவர்களும் புரிந்துகொள்ளும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

எதை அளக்கிறோம்?

டிஜிட்டல் வளர்ச்சி என்பது மீட்டர் வைத்து அளக்கக்கூடிய ஒற்றைப் பொருள் அன்று. அதைச் சில அடுக்குகளாகப் பிரித்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. அடியில் இருப்பது கட்டமைப்பு: கண்ணாடி இழைக் கம்பிகள், கைபேசிக் கோபுரங்கள், தெருக்களில் பொருத்தப்பட்ட கேமராக்கள், காற்றையும் நீர்மட்டத்தையும் பதிவுசெய்யும் சென்சார்கள், இவை அனுப்பும் தகவல்கள் வந்து சேரும் கட்டுப்பாட்டு அறை. அதற்கு மேல் சேவைகள்: சொத்து வரி செலுத்துவது, பிறப்புச் சான்றிதழ் எடுப்பது, பேருந்து எங்கே வருகிறது என்று பார்ப்பது. அதற்கும் மேலே பயன்பாடு, அதாவது இந்தச் சேவைகளை உண்மையில் யார், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது. உச்சியில் இருப்பது பலன்: இவற்றால் மக்களுக்கு நேரமோ பணமோ மிச்சமானதா, ஆபத்து குறைந்ததா என்பது.

கீழிருந்து மேலே போகப் போக அளப்பது கடினமாகிறது. எத்தனை கேமராக்கள் என்பதைக் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். எத்தனை பேருக்கு ஒரு நாள் கூலி மிச்சமானது என்பதைச் சொல்ல வீடு வீடாகப் போக வேண்டும். எளிதில் கிடைக்கும் எண்களே அறிக்கைகளில் நிரம்பியிருப்பதற்கு இதுவே முதற் காரணம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடித்தளம் இல்லாமல் மேல்தளம் இல்லை. ஆனால் அடித்தளத்தை மட்டும் எண்ணிவிட்டு வீடு முழுவதையும் அளந்துவிட்டதாகச் சொல்வதை ஏற்க முடியாது.

அளக்கும் சிறு அலகைக் குறிகாட்டி என்பார்கள். "ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை இணைய இணைப்புகள்" என்பது ஒரு குறிகாட்டி. நகரங்களின் சேவைகளையும் வாழ்க்கைத் தரத்தையும் அளக்க 2014-இல் ஐஎஸ்ஓ 37120 என்ற உலகத் தரநிலை வந்தது. ஸ்மார்ட் நகரங்களுக்கென்று தனியாக ஐஎஸ்ஓ 37122 என்பது 2019-இல் வெளியானது. தெருவிளக்குகளில் எவ்வளவு பங்கு கணினி வழியாகக் கண்காணிக்கப்படுகிறது, கட்டடங்களில் எவ்வளவு பங்குக்கு ஸ்மார்ட் மின்மீட்டர்கள் உள்ளன என்பன போன்ற கேள்விகள் அதில் உண்டு. இத்தகைய தரநிலைகள் தரவரிசை போடுவதில்லை. எல்லா நகரங்களும் ஒரே சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவற்றின் நோக்கம். இது பெரிய உதவி. ஏனென்றால் "இணைய வசதி உள்ள வீடு" என்று ஒரு நகரம் பிராட்பேண்ட் இணைப்பையும் இன்னொரு நகரம் வீட்டில் யாரிடமாவது இருக்கும் கைபேசியையும் கணக்கில் எடுத்தால், அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பொருளே இல்லை.

மதிப்பெண் எப்படி உருவாகிறது?

குறிகாட்டிகள் பல அலகுகளில் இருக்கும். ஒன்று விழுக்காடு, ஒன்று நிமிடம், ஒன்று ரூபாய். இவற்றைக் கூட்ட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பரவலான வழி இது: எடுத்துக்கொண்ட நகரங்களில் மிகக் குறைந்ததற்கு 0, மிக உயர்ந்ததற்கு 100 என்று வைத்து, மற்றவற்றை நடுவில் பொருத்துவது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, இணைய இணைப்புள்ள வீடுகள் கடைசி நகரத்தில் 20 விழுக்காடு, முதல் நகரத்தில் 90 விழுக்காடு, நம் நகரத்தில் 62 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கடைசி நகரத்திலிருந்து நாம் 42 படிகள் மேலே இருக்கிறோம். மொத்தப் படிகள் 70. ஆகவே நம் மதிப்பெண் 60. அடுத்த ஆண்டு முதல் நகரம் 100 விழுக்காட்டை எட்டினால் மொத்தப் படிகள் 80 ஆகும். நம் ஊரில் ஒரு வீட்டில்கூட இணைப்பு அறுந்துபோகாத நிலையிலும் நம் மதிப்பெண் 52.5 ஆக இறங்கிவிடும். "சென்னை பின்தங்கியது" என்ற தலைப்பைப் பார்த்ததும் கவலைப்படுவதற்கு முன், இறங்கியது நாமா, ஏறியது மற்றவரா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த படி எடை, அதாவது எந்தக் குறிகாட்டிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பது. இது கணிதம் தீர்மானிக்கும் செய்தி அன்று, மனிதர்கள் தீர்மானிப்பது. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் வெளியிட்ட 2020-ஆம் ஆண்டுக்கான வாழ்வதற்கு எளிய நகரங்கள் குறியீட்டில் 111 நகரங்கள் இடம்பெற்றன. வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதார வலிமைக்கு 15, நிலைத்த வளர்ச்சிக்கு 20, மக்களின் கருத்துக்கு 30 என்று எடை பிரிக்கப்பட்டிருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூரு, புனே, அகமதாபாத் ஆகியவற்றுக்கு அடுத்து சென்னை 4-ஆம் இடம் பெற்றது. அந்தக் குறியீடு டிஜிட்டல் வளர்ச்சிக்கென்று மட்டும் அமைந்ததன்று. ஆனாலும் மக்கள் சொல்வதற்கு 30 எடை தரலாம் என்று முடிவெடுத்தவர்கள் அதை 10 என்றோ 50 என்றோகூட வைத்திருக்கலாம், அப்போது வரிசையும் மாறியிருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்ள அது நல்ல சான்று.

கடைசிப் படி கூட்டுவது. இங்கேதான் நான் வாசகரைச் சற்று நிற்கச் சொல்வேன். ஒரு நகரம் கட்டமைப்பில் 90, மக்கள் பயன்பாட்டில் 10 மதிப்பெண் பெறுகிறது. இன்னொரு நகரம் இரண்டிலும் 50 பெறுகிறது. பள்ளியில் படித்த கூட்டுச் சராசரியில் இரண்டும் சமம்: 50. அதாவது கேமராவும் கம்பியும் நிறைய வாங்கிப் போட்டால், பயன்படுத்தாத மக்களின் குறையை அது ஈடுசெய்துவிடும். பெருக்குச் சராசரியில், அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், முதல் நகரம் 30-க்கு இறங்குகிறது, இரண்டாவது 50-இலேயே நிற்கிறது. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு 2010-இல் கூட்டுச் சராசரியைக் கைவிட்டுப் பெருக்குச் சராசரிக்கு மாறியது, ஒன்றின் மிகுதி இன்னொன்றின் வறுமையை மறைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நகரங்களின் டிஜிட்டல் குறியீடுகளும் இதையே பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இணையதளத்தைப் பார்ப்பதா, மக்களைக் கேட்பதா?

உலக அளவில் இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஐ.நா. பொருளாதார, சமூக விவகாரத் துறையின் உள்ளூர் இணையச் சேவைக் குறியீடு, மதிப்பீட்டாளர்களை நகர நிர்வாகத்தின் இணையதளத்தைத் திறந்து பார்க்கச் செய்கிறது: இந்த வசதி இருக்கிறதா, இல்லையா? 2018-இல் 40 நகரங்களோடு தொடங்கிய இது, 2022-இல் 193 உறுப்பு நாடுகளிலும் நாட்டுக்கு ஒன்றாக, மக்கள்தொகை மிகுந்த நகரத்தை எடுத்துக்கொண்டது. அந்த விதிப்படி சென்னைக்கு அதில் இடமில்லை. இவ்வகை மதிப்பீடு தெளிவானது, செலவு குறைந்தது, நாட்டுக்கு நாடு ஒப்பிடத் தக்கது. ஆனால் பக்கம் திறக்கிறது என்பதை மட்டுமே அது உறுதிசெய்யும். அந்த அக்காவின் படிவமும் திறக்கத்தான் செய்தது.

சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி மேலாண்மைக் கல்வி நிறுவனம் 2019 முதல் வெளியிட்டுவரும் ஸ்மார்ட் நகரக் குறியீடு வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு நகரத்திலும் 120 குடியிருப்பாளர்களிடம் கேள்விகள் கேட்கிறது. நகரத்தில் ஏற்கெனவே உள்ள வசதிகள் ஒரு தூண், தொழில்நுட்பம் தரும் வசதிகள் இன்னொரு தூண்; உடல்நலமும் பாதுகாப்பும், போக்குவரத்து, பொழுதுபோக்கும் பொது நிகழ்வுகளும், வேலையும் கல்வியும், ஆட்சிமுறை என்று ஐந்து துறைகள். நகரப் பராமரிப்புக் குறைகளை இணையத்தில் தெரிவித்தால் விரைவில் தீர்வு கிடைக்கிறதா, காற்று மாசைக் கண்காணிக்க இணையதளமோ செயலியோ இருக்கிறதா என்பவை போன்றவை கேள்விகள். சூரிச், சிங்கப்பூர் போன்ற நகரங்கள் இதன் உச்சியில் இடம்பிடித்து வருகின்றன.

மக்களைக் கேட்பது சரியான வழி என்றே நினைக்கிறேன். ஆனால் 120 பேர் என்பதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். புள்ளியியல் கணக்குப்படி, 120 பேரில் பாதிப்பேர் "ஆம்" என்றால், முழு நகரத்தின் உண்மை விடை அதற்குச் சுமார் 9 விழுக்காடு மேலேயோ கீழேயோ இருக்க வாய்ப்புண்டு. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் நிற்கும் நகரங்களுக்கு இடையே உண்மையில் வேறுபாடே இல்லாமலும் இருக்கலாம். மேலும், சென்னை போன்ற ஊரில் 120 பேரைத் தேர்ந்தெடுத்தால், வடசென்னையின் திருவொற்றியூரும் எண்ணூரும் சேர்ந்தாலும் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சராசரிக்குள் மறையும் வார்டுகள்

பெருநகர சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் பரப்பில், 200 வார்டுகளாக விரிந்திருக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மண்டலங்களைத்தான் நாங்கள் பொதுவாக வடசென்னை என்கிறோம். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் நகரங்கள் திட்டத்தின் முதல் 20 நகரங்களில் ஒன்றாகச் சென்னை தேர்வானபோது, முழு நகரத்துக்குமான பணிகள் சில ஒதுக்கப்பட்டன. குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பிரிவுக்குத் தியாகராய நகர் தேர்வு செய்யப்பட்டது. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அவ்வாறு வந்ததே. ஒரு பகுதியை மாதிரியாக எடுத்து வளர்ப்பது திட்ட விதியிலேயே இருந்தது, அதில் தவறு காண வேண்டியதில்லை. ஆனால் மதிப்பீட்டாளர் "சென்னை" என்று எழுதும்போது, தியாகராய நகரின் தெருவும் கொடுங்கையூரின் தெருவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. நகரத்துக்கு ஓர் எண் என்பதற்குப் பதிலாக வார்டு வாரியாக 200 எண்கள் கிடைத்தால், அவற்றில் மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதே மிகவும் பயனுள்ள குறிகாட்டியாக இருக்கும்.

இன்னொரு சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. "லட்சம் பேருக்கு இத்தனை" என்று சொல்ல எத்தனை லட்சம் பேர் என்று தெரிய வேண்டும். நாட்டில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் எடுக்கப்பட்டது. அடுத்தது 2027-ஐ ஆதார ஆண்டாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வடக்கே புதிய குடியிருப்புகள் எழுந்தன, ஆற்றங்கரையில் வாழ்ந்த பல குடும்பங்கள் நகரத்தின் தென்கோடிக்கு மாற்றப்பட்டன. பழைய தலைக்கணக்கால் புதிய வசதிகளை வகுத்தால் வரும் விடை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒவ்வொரு வார்டாகத்தான் சொல்ல முடியும்.

தரவு யாரிடமிருந்து வருகிறது என்பது இவற்றைவிட ஆழமான கேள்வி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், காரில் வைத்த கைபேசியே சாலையின் குலுக்கலை உணர்ந்து பள்ளம் இருக்கும் இடத்தைத் தானாகப் பதிவுசெய்யும் ஒரு செயலியை உருவாக்கினார்கள். அருமையான யோசனைதான், ஆனால் காரும் ஸ்மார்ட்போனும் வைத்திருப்பவர்கள் அதிகம் உள்ள தெருக்களின் பள்ளங்களே மிகுதியாகப் பதிவாகும், முதியவர்களும் ஏழைகளும் வாழும் தெருக்கள் வரைபடத்தில் வழுவழுப்பாகத் தோன்றும் என்ற ஆபத்து வெகு விரைவில் உணரப்பட்டது. புகார்களின் எண்ணிக்கையை வைத்து நம் நகரத்தை அளப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மழைநீர் தேங்கும் தெருவில் ஒரு புகாரும் பதிவாகவில்லை என்றால், அங்கே தண்ணீர் வடிந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். புகார் செய்து பயனில்லை என்று மக்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்றும் கொள்ளலாம். அதேபோல், புகார் "முடிக்கப்பட்டது" என்று கணினியில் குறிக்கப்படுவது ஒன்று, விளக்கு எரிவது வேறொன்று. முடித்த பிறகு புகார் செய்தவரையே அழைத்துக் கேட்டு, அவர் "ஆம்" என்று சொன்னவற்றை மட்டும் எண்ணும் குறிகாட்டியே நம்பத் தக்கது.

பலனை அளப்பது

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நெடியும் கண்ணெரிச்சலும் தாங்காமல் விழித்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீட்டில் கணக்கிடப்படும் எட்டு மாசுகளில் அம்மோனியாவும் ஒன்று. மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் தொடர்ந்து காற்றை அளக்கும் நிலையங்களும் உண்டு. ஓர் இடத்தில் நிகழ்வதைச் சுற்றியுள்ள கைபேசிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் அவசர எச்சரிக்கை முறையும் அதே 2023-இல் நாடெங்கும் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆக, "கண்காணிப்பு நிலையம் உண்டா" என்ற குறிகாட்டிக்கும் "எச்சரிக்கைத் தொழில்நுட்பம் உண்டா" என்ற குறிகாட்டிக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வியோ மூன்றாவது: வாயு வெளியேறிய நேரத்துக்கும் பெரியகுப்பத்தில் உறங்கும் ஒருவருடைய கைபேசி ஒலிக்கும் நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம்? தொழிற்சாலைகளின் நடுவே வாழும் எங்களுக்கு, டிஜிட்டல் நகரம் என்பதன் முதல் அளவுகோல் இந்த நிமிடக் கணக்குத்தான்.

நல்ல பலன்களையும் இதே கண்ணோடு எண்ண வேண்டும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு தரும் சென்னை ஒன் செயலி 2025-இல் வந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை மெட்ரோ நீண்டது. இந்த இரண்டும் சேர்ந்து, கிண்டியில் வேலை செய்யும் தண்டையார்பேட்டைப் பெண்ணுக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை மீட்டுத் தருகின்றன என்று அளந்தால், அதில் வரும் எண் எந்தச் சென்சார் எண்ணிக்கையையும்விட மதிப்புள்ளது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் தரும் மீன்வள இடக் குறிப்புகளும் அலை எச்சரிக்கைகளும் காசிமேட்டுப் படகுகளுக்கு டீசலையும் உயிரையும் காக்கின்றன. நகரக் குறியீடுகளில் இவற்றுக்குக் கட்டமே இருப்பதில்லை.

கைரேகையையும் இங்கே சொல்ல வேண்டும். 2020 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரலை வைத்துப் பொருள் வாங்கும் முறை நடைமுறையில் உள்ளது. கருவி உள்ள கடைகள் எத்தனை விழுக்காடு என்பதை அளந்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஐஸ் கட்டியையும் உப்பையும் மீன் செதிலையும் நாள்தோறும் கையாண்டு ரேகை தேய்ந்த விரல்கள் முதல் தடவையிலேயே ஏற்கப்படுகின்றனவா என்பதை அளந்தால்தான், கண் கருவிழிக் கருவி எந்தக் கடைக்கு முதலில் தேவை என்று தெரியும்.

உங்கள் தெருவில் நீங்களே அளக்க

இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. மக்களுக்கு அவ்வப்போது தேவைப்படும் நான்கைந்து வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: சொத்து வரி கட்டுவது, பிறப்புச் சான்றிதழ் எடுப்பது, தண்ணீர் லாரி பதிவு செய்வது, மருத்துவமனையில் நேரம் பெறுவது, தெருவிளக்குக்குப் புகார் செய்வது. வெவ்வேறு வயதும் தொழிலும் உள்ள அண்டை வீட்டாரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் கேட்டாலொழிய உதவாதீர்கள். வேலை முடிந்ததா, எத்தனை நிமிடம் ஆனது, எந்தப் படியில் நின்றது, திரையில் வந்த பிழைச் செய்தி தமிழில் இருந்ததா, பிரவுசிங் சென்டருக்கு எவ்வளவு ரூபாய் கொடுத்தார்கள், கடைசியில் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை பாதியில் நின்றவர்களை விட்டுவிட்டு முடித்தவர்களின் நிமிடங்களை மட்டும் சராசரி எடுக்கும் தவறைச் செய்துவிடாதீர்கள். சேவை எவ்வளவு கடினமானதோ அவ்வளவு பேர் பாதியில் விலகுவார்கள், எஞ்சியவர்களின் சராசரி அழகாகவே தெரியும்.

இன்னொரு கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேலை யாருடைய கைபேசியில் நடந்தது? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ளவர்கள் 53.9 விழுக்காடு, எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 33.3 விழுக்காடு, ஆண்களில் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 57.1. ஆய்வு முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, எண்கள் உயர்ந்திருக்கும். எங்கள் தெருவில் இந்தக் கணக்கை எழுதத் தொடங்கி ஒரு நோட்டு பாதி நிரம்பியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் பெண்களுடைய வரிசைகளில் "மகன்", "வீட்டுக்காரர்", "கடைத் தம்பி" என்பவைதான் அதிகம். அக்காவின் வரிசையில் சென்ற மாதம் அடித்து எழுதினேன். மகள் வாங்கித் தந்த கைபேசியின் எண்ணை அவர் தம்முடைய ஆதாரில் மாற்றிவிட்டார்.